யார் துடுப்பைத் தூக்கினாலும்

கை தண்ணீருக்குள் இருக்கும்வரை குளிர் தெரியாது. வெளியே எடுத்தால்தான் தெரியும். பொகவந்தலாவைப் பக்கம் ஆடி மாத விடியலில் காற்றைவிடத் தண்ணீர்தான் வெதுவெதுப்பு. அதனால் வேலாயி வலையை இழுக்கும்போது ஒவ்வொரு பிடிக்கும் கையைத் தண்ணீரில் அமிழ்த்தி, விரலுக்கு உணர்ச்சி வந்த பிறகு அடுத்த பிடி பிடித்தாள். நைலான் நூல் விரல் மடிப்புகளை அறுத்திருந்தது. கொழுந்து எடுத்த காலத்தில் அதே மடிப்புகளில் தேயிலைச் சாயம் கறுப்பாக ஏறிக் கிடந்தது. சாயம் போய்விட்டது. அந்த இடத்துக்கு வெட்டு வந்திருக்கிறது.

படகின் பின்பக்கம் நின்று, நீளக் கழியால் தண்ணீரை அடித்து மீனை வலைப்பக்கம் விரட்டிக்கொண்டிருந்தான் அவள் அண்ணன் ஆண்டியப்பன். ஒவ்வொரு அடிக்கும் வாயிலிருந்து புகை போல மூச்சு வந்தது. தோளில் போட்டிருந்த கம்பளி நனைந்து கனத்துவிட்டது. கழற்றிப் போட்டால் குளிர், போட்டிருந்தால் பாரம்.

"ஏறுதா புள்ள?"

"ஏறுது, ஏறுது. பொடிதான் ஏறுது." வலைக்கண்ணில் மாட்டிய ஒரு திலாப்பியாவைத் தூக்கிக் காட்டினாள். அவள் விரல் அளவுதான் இருந்தது. "இத எண்ணெயில போட்டா மீன் இருக்காது, எண்ணெதான் இருக்கும்."

"நேத்தும் இப்படித்தான்."

"முந்தாநாளும் இப்படித்தாண்ணே."

அவர்கள் நின்ற இடத்துக்குப் பெயர் ஒன்பதாம் நம்பர். டேம் கட்டியபோது ஊசிப்பாறைத் தோட்டத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. தேயிலை போனது, பாதை போனது, மலைகளின் நம்பர் மட்டும் போகவில்லை. மீன்பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் குடாக்களை அந்த நம்பர்களைச் சொல்லித்தான் அழைத்தார்கள். ஒன்பதாம் நம்பரில் இன்னும் தேயிலைக் கட்டைகள் தண்ணீருக்கடியில் விறைத்துக்கொண்டு நின்றன. வலை சிக்கினால் லேசில் விடாது.

தோட்டத்தில் வேலை நாள் குறைந்து, பாதித் தேயிலை காடாகப் போனபோதுதான் லயத்து வரிசைவீட்டு ஆட்கள் தண்ணீருக்கு இறங்கினார்கள். ஆரம்பத்தில் லொறி டியூபில் உட்கார்ந்து, ஆளுக்கொரு துண்டு வலையோடு போனார்கள். அப்போது இடம் மாற்றுவது அவர்கள் வாய்ப்பேச்சில் நடந்தது. "மலை மாத்துவமா?" என்று ஒருவர் கேட்பார். மீன் உள்ளங்கையைவிடச் சின்னதாக ஏறத் தொடங்கினால் அந்தக் குடாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விடுவார்கள். தேயிலைக்கும் அப்படித்தானே, ஒரு மலையை எடுத்துவிட்டு அது துளிர்க்கும்வரை வேறு மலை.

பிறகு ஹட்டனிலிருந்து பிரதாப் வந்தார். மீன்பிடிக்கிற உரிமையை அவர் குத்தகைக்கு எடுத்துவிட்டாராம். டியூப் எல்லாம் கூடாது என்றார். ஐந்து ஃபைபர் படகும் வலையும் கொண்டுவந்து இறக்கினார். படகுக்கு இரண்டு பேர், மொத்தம் பத்துப் பேர். மீன் முழுவதும் அவருக்குத்தான். அக்கரைக் கிராமத்துக்காரர்களுக்கு இவர்கள் ஒரு மீனைக்கூடக் கொடுத்துவிடக் கூடாதென்று அவருக்கு ஒரு பயம். அதனால் ஐந்து படகும் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரே குடாவில் நிற்க வேண்டும். இடம் மாற்றுவதென்றால் கரைப்பாறையில் நிற்கும் மாயாண்டி விசில் ஊத வேண்டும். விசில் இல்லாமல் படகு நகரக் கூடாது.

மாயாண்டி முன்பு கொழுந்து மலையில் கங்காணியாக நின்றவர். பெண்களை வரிசையில் நிறுத்தி, இந்த மலை முடிந்தது அடுத்த மலைக்கு ஏறுங்கள் என்று குரல் கொடுத்தவர். இப்போது குரலுக்குப் பதிலாக விசில்.

"மாயாண்டி மாமா!" அடுத்த படகிலிருந்து கஜேந்திரன் கத்தினான். "இந்த மீனுக்கெல்லாம் இன்னும் பேரே வைக்கல. அதுக்குள்ள புடிக்கச் சொல்றீங்களே!"

எல்லாப் படகிலும் சிரிப்பு எழுந்தது. பாறையில் நின்ற மாயாண்டியும் சிரித்திருப்பார், ஆனால் ரோட்டில் பிரதாப்பின் ஜீப் நின்றது.

"பேசாம அடிடா! ஐயா பாத்துக்கிட்டு இருக்காரு."

"அவரு எங்க பாக்குறாரு, போன்ல பேசிக்கிட்டு இருக்காரு."

கடைசிப் படகில் இருந்த அழகுமுத்து மெதுவாகச் சொன்னார். "காத்து வர்ற மாதிரி இருக்குப்பா."

அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அழகுமுத்துவுக்கு நீச்சல் தெரியாது. தினமும் காற்று வருகிறது என்பார், தண்ணீர் நிறம் மாறுகிறது என்பார், படகுக்கு அடியில் ஏதோ உரசுகிறது என்பார். "முத்தண்ணனுக்குத் தண்ணி குடிக்கவே பயம்" என்று லயத்தில் குழந்தைகள்கூடச் சொல்லும்.

ஆனால் அன்றைக்கு வேலாயியும் பார்த்தாள். மேற்கே இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் மூடுபனி மேலே ஏறாமல் நின்றது. பிறகு யாரோ பிடித்து இழுத்ததுபோலக் கிழிந்தது. மலைமுகட்டு ஓரத்து டர்ப்பன்டைன் மரங்கள் ஒன்றாகச் சாய்ந்தன. காற்று அந்த இடைவெளிக்குள் இறங்கிவிட்டால் குடாவுக்கு வர ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகாது. ஆடி மாதத்தில் இந்தத் தண்ணீரில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும்.

"அண்ணே, அங்க பாரு."

"பாத்துட்டேன்." ஆண்டியப்பன் கழியை நிறுத்தினான். "விசில் ஊதுவாங்க. வலைய மட்டும் மெதுவா எடு."

காற்று மேற்கிலிருந்து வந்தது. ஐந்து படகிலிருந்த பத்துத் தலைகளும் கிழக்கே, பாறையைப் பார்த்துத் திரும்பின.

பாறையில் மாயாண்டி விசிலை வாயில் வைத்தபடி ஜீப்பைப் பார்த்தார். ஜீப்புக்குள் பிரதாப் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஹரி, ஹரி, அத ஏவனவா" என்று யாருக்கோ சிங்களத்தில் இன்றைக்கே அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாயாண்டி கையை ஆட்டினார். பிரதாப் காதிலிருந்து போனை எடுக்காமலே, இன்னும் ஒரு வலை போடட்டும் என்று விரலைக் காட்டினார்.

தண்ணீர் கறுத்தது. காற்றின் முதல் அடியிலேயே வேலாயியின் படகு பக்கவாட்டில் திரும்பியது. திரும்பினாலும் போகவில்லை. வலையின் அடிக்கயிறு தேயிலைக் கட்டையில் மாட்டியிருந்தது. கட்டிப்போட்ட மாடு மாதிரிப் படகு ஒரு பக்கமாக இழுபட்டது. இரண்டாவது அடியில் கவிழ்ந்தது.

தண்ணீருக்குள் போகும்போதுதான் வேலாயியின் காதில் விசில் கேட்டது. நீளமாக, தெளிவாக, அவசரமாக. மாயாண்டி ஊதினார். தண்ணீர் காதை மூடும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது.

மேலே வந்தபோது கையில் படகின் விளிம்பு அகப்பட்டது. அண்ணனைக் காணவில்லை. கம்பளி மட்டும் மிதந்தது. கஜேந்திரன் தன் படகிலிருந்து கத்தியோடு குதித்தான். போனான், வந்தான், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போனான். கணுக்காலில் சுற்றியிருந்த கயிற்றை அறுத்து ஆண்டியப்பனை மேலே கொண்டுவந்தபோது அவன் உதடு நீலமாக இருந்தது. தோள்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கவிழ்ந்த படகுக்கும் தண்ணீருக்கடியில் இருந்த ஒரு பாறைக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கியிருந்தது.

கரையில் போட்டு வயிற்றை அமுக்கினார்கள். தண்ணீரைக் கக்கினான். முனகினான்.

மீன் ஏற்றுவதற்காக ரோட்டில் திரீவீல் ஆட்டோவோடு காத்திருந்த பைஸர், பசாரில் மீன் விற்கிறவர், பின்னால் இருந்த கூடைகளைத் தூக்கி வெளியே எறிந்தார். "மீன் கெடக்கட்டும், மனுசன ஏத்துங்க! தலயப் புடிங்க, தலய!"

நாலு பேர் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். அப்போதுதான் பிரதாப் ஜீப்பை விட்டு இறங்கினார். தண்ணீரைப் பார்த்தார்.

"டேய், யாராவது அந்த வலைய எடுங்கடா. இழுத்துக்கிட்டுப் போவுது பாரு."

வேலாயி நனைந்த சேலையோடு நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். திரீவீல் கிளம்பிவிட்டது, ஓடிப்போய் அதில் ஏறிக்கொண்டாள்.

ஆண்டியப்பனின் மகள் தனுஜா ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றாள். செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். "நீங்க போங்க அத்த, நனஞ்சுபோயி இருக்கீங்க, நான் இருக்கேன்" என்று வேலாயியை அனுப்பினாள். பகல் திரும்பிய நேரத்தில் வேலாயி கரைக்கு வந்தபோது தகரச் செட்டுக்கு முன்னால் எல்லோரும் நின்றார்கள். பிரதாப் ஜீப்பில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார். நல்ல சட்டை போட்டிருப்பார் எப்போதும், கோபப்பட்டுக் கத்துகிற ஆளில்லை. அதுதான் அவரோடு பேசுவதில் கஷ்டம்.

"நடந்தது நடந்துருச்சு. எனக்கும் மனசு சங்கடமாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஹோலிக்ஸ் வாங்கி அனுப்பியிருக்கேன். ஆனா ஒண்ணு சொல்றேன். காத்து வர்றது தெரியும்போது வலைய விட்டுட்டு வந்திருக்கலாம்ல? ஆண்டியப்பன் என்ன சின்னப் புள்ளையா?"

"விசில் ஊதாம நகரக் கூடாதுன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க?" கஜேந்திரன் கேட்டான்.

"நான் சொன்னது தொழிலுக்கு. சாகச் சொல்லலையே."

வேலாயி செட்டுக்குள்ளே பார்த்தாள். ஆணியில் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கின. ஒன்றின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பார்வையிட யாராவது வந்தால் காட்டுவதற்கு வைத்தது.

"அத ஏங்கய்யா எங்களுக்குக் குடுக்கல?"

"எத?"

"அந்தா தொங்குதே."

பிரதாப் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அத மாட்டிக்கிட்டு நீங்க கழி அடிப்பீங்களா? ரெண்டு நாள்ல கிழிச்சுப்புடுவீங்க. சரி, கேட்டா தர்றேன். இனி என்ன?"

"இனி எடம் மாத்துறத நாங்களே பாத்துக்கிறோம்." வேலாயியின் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "மீன் பொடியா ஏறுனாலும் சரி, காத்து வந்தாலும் சரி. எப்ப மாத்தணும்னு படகுல இருக்கவங்க முடிவு பண்றோம். தண்ணிக்குள்ள இருக்கவங்களுக்குத்தானே தெரியும்."

"ஆளுக்கு ஆள் முடிவு பண்ணுனா அது தொழிலா, இல்ல தேர்த் திருவிழாவா? நீங்க கண்ணுக்கு மறைவாப் போனா மீன் எந்தக் கரைக்குப் போவும்னு எனக்குத் தெரியாதா?"

"ஒரு மீன் போயிருக்காய்யா இதுவர?"

"போகாம இருக்கத்தான் விசில் வச்சிருக்கேன்." அவர் ஜீப் கதவைத் திறந்தார். "படகு என்னோடது. வல என்னோடது. நாளைக்குக் காலைல ஒன்பதாம் நம்பர்லதான் படகு நிக்கும். முடியாதவங்க இப்பவே சொல்லுங்க. அக்கரப்பத்தனையில ஆள் இருக்கு, லொறி அனுப்புனா வந்து நிப்பாங்க."

"உசுரு மட்டுந்தான் எங்களோடது போல" என்றான் கஜேந்திரன்.

பிரதாப் கேட்டும் கேட்காததுபோல் ஜீப்பை எடுத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் லயத்துக்குக் கீழே பீலிக்கரையில் கூடினார்கள். மலைத் தண்ணீர் தகரப் பீலியில் கொட்டிக்கொண்டிருந்தது. கை கால் கழுவ வந்தவர்கள் கழுவிவிட்டும் போகாமல் கல்லில் உட்கார்ந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

மாயாண்டி கொஞ்சம் தள்ளி நின்றார். அவரைப் பார்த்ததும் கஜேந்திரனுக்குப் பற்றிக்கொண்டது.

"வாங்க கங்காணி, வாங்க. நல்லா ஊதுனீங்க. ஆளு முங்குனதுக்கு அப்புறம் நீங்க ஊதுன விசில் இருக்கே, அடேயப்பா! வட்டகொடை ஸ்டேசன் வரைக்கும் கேட்டிருக்கும்."

"நான் என்னப்பா செய்ய? கையக் காட்டுனேன். இன்னும் ஒரு வலைன்னுட்டாரு."

"அவரு சொன்னா? ஒங்களுக்குக் கண்ணு இல்லையா?"

மாயாண்டி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அழுதாரா, வியர்வையா, தெரியவில்லை.

அப்போது மேல்ரோட்டில் பஸ் நின்ற சத்தம் கேட்டது. தனுஜா ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்தாள். கையில் அப்பாவின் ஈரத்துணிப் பை. எல்லோரும் எழுந்தார்கள்.

"உசுருக்குப் பயமில்லன்னு சொல்லிட்டாங்க" என்றாள். "தோள்ல கம்பி வைக்கணுமாம். இனிக் கழி புடிக்க முடியுமான்னு இப்பச் சொல்ல முடியாதாம்."

"பேசுனானா தாயி?" என்று கேட்டார் அழகுமுத்து.

"ஒரு தடவ பேசுனாரு." அவள் பையைக் கல்லில் வைத்தாள். "கண்ணு முழிச்சாரு. நான் அப்பான்னு கூப்பிட்டேன். என்னயப் பாத்துக்கிட்டே, விசில் ஊதிட்டாங்களான்னு கேட்டாரு."

அவள் பையிலிருந்த ஈரச் சட்டையை எடுத்துப் பிழிந்தாள்.

"வேற ஒண்ணும் கேக்கல. அதத்தான் கேட்டாரு."

வேலாயி அந்தச் சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தாள். காலையிலிருந்து பிரதாப்பை நினைத்து நினைத்து எரிந்துகொண்டிருந்த கோபம் இப்போது தன் பக்கமும் திரும்பியது.

"நான் காத்தப் பாத்தேன்" என்றாள். "எங்கண்ணனும் பாத்துச்சு. கஜேந்திரா, நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேங்க்கா."

"நீங்கெல்லாம்?"

ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள்.

"பத்துப் பேரு பாத்தோம். பத்துப் பேரும் என்னா செஞ்சோம்? பாறையப் பாத்தோம். கத்தி கையில இருந்துச்சு, தொடுப்பு கையில இருந்துச்சு, வலைய வெட்டி விட்டுட்டுப் போயிருக்கலாம். போகல. ஏன்னு யோசிச்சுப் பாக்குறேன். கொழுந்து மலையில அட்டை கடிச்சாலும், மழை பேஞ்சாலும், குளவி கூட்டோட வந்தாலும், எறங்குன்னு சொன்னாத்தானே எறங்குவோம். கண்டாக்கு சொல்லணும், கங்காணி சொல்லணும். நாம மலையில நின்ன மாதிரியே தண்ணியில நின்னிருக்கோம். தண்ணி நிக்க விடுமா?"

கஜேந்திரன் மாயாண்டியை விட்டுக் கண்ணை எடுத்தான்.

"இப்ப என்னதான் செய்யலாங்கிற?" என்று கேட்டார் அழகுமுத்து.

"வேற ஒரு கங்காணிய வைக்கக் கூடாது. நானா இருந்தாலும் சரி, கஜேந்திரனா இருந்தாலும் சரி, ஒருத்தரு சொல்லணும்னு வச்சா மறுபடி எல்லாரும் அந்த ஒருத்தரத்தான் பாப்போம்." அவள் பேசிக்கொண்டே யோசித்தாள், யோசித்துக்கொண்டே பேசினாள். "யாருக்கு இந்த எடம் சரியில்லன்னு படுதோ அவங்க தொடுப்ப நேரா மேல தூக்கணும். ஒரு தொடுப்பு மேல போச்சுன்னா அஞ்சு படகும் கெளம்பணும். ஏன் எதுக்குன்னு அங்க கேக்கக் கூடாது. அடுத்த எடத்துக்குப் போயிக் கேட்டுக்கலாம்."

"யாரு தூக்குனாலுமா?"

"யாரு தூக்குனாலும்."

அழகுமுத்து தலையைச் சொறிந்தார். "அப்ப நான் வரல தாயி. எனக்கு எல்லாத்துக்கும் பயம். சும்மா சும்மா தூக்கிப்புடுவேன்."

"முத்தண்ணே தூக்குறதுக்கெல்லாம் போனோம்னா நாம இந்தியாவுக்கே போய்ச் சேந்துருவோம்" என்றான் கஜேந்திரன். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்கள். தனுஜாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"தூக்குங்கண்ணே" என்றாள் வேலாயி. "ஒரு வல மீன் போனாப் போகட்டும்."

"அவரு படக எடுத்துட்டாருன்னா?" யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"எடுக்கத்தான் பாப்பாரு" என்றாள் வேலாயி. "ஒரு படகு மட்டும் போனா அந்த ஒண்ண எடுப்பாரு. அஞ்சும் போனா யோசிப்பாரு."

போகும்போது மாயாண்டி கேட்டார். "நான் என்ன செய்யணும்னு சொல்லலியே?"

கஜேந்திரன் வாயைத் திறப்பதற்குள் வேலாயி சொன்னாள். "நீங்க ஊதுங்கண்ணே. ஊதாட்டி ஒங்க வேலைக்கு ஆபத்து. நாங்க அதுக்காகக் காத்திருக்க மாட்டோம், அவ்வளவுதான்."

மறுநாள் விடியலில் மழை இல்லை. தண்ணீர் கழுவிய தட்டு மாதிரிக் கிடந்தது. வேலாயியின் படகில் அண்ணன் நின்ற இடத்தில் கஜேந்திரனின் மனைவி கழியோடு நின்றாள். டியூப் காலத்திலிருந்தே தண்ணீர் பழகியவள். ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டுகளை அவளே போய் உறையைக் கிழித்து எடுத்துவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். பிரதாப் பார்த்தார், தடுக்கவில்லை. அன்றைக்கு அவர் ஜீப்பில் உட்காரவில்லை. பாறைக்கே வந்து மாயாண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

வேலாயி வலையை இழுக்கத் தொடங்கினாள். முதல் பிடியிலேயே கனம் தெரிந்தது. மறுபடி கட்டையில் மாட்டிவிட்டதோ என்று கையை நிறுத்தினாள். இல்லை. கனம் துடித்தது. தண்ணீர் விலக, ஒரு கெண்டை வாலை அடித்துக்கொண்டு மேலே வந்தது. முழங்கை நீளம். அதற்குப் பின்னால் இன்னொன்று. நேற்றைய காற்று அடித்தண்ணீரைக் கலக்கி, ஆழத்தில் கிடந்ததையெல்லாம் குடாவுக்குள் தள்ளிவிட்டிருக்க வேண்டும். பல நாளாக இப்படி ஒரு வலையை அவள் பார்க்கவில்லை.

"அடி ஆத்தே!" கஜேந்திரனின் மனைவி கழியைப் போட்டுவிட்டு வலையைப் பிடித்தாள். "அக்கா, இழுங்க, இழுங்க!"

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஆண்டியப்பனுக்கு ஒரு மீன் கொண்டுபோய்க் கொடுக்கலாம், தனுஜாவிடம் குழம்பு வைக்கச் சொல்லலாம் என்று வேலாயியின் மனம் ஓடியது. மீனின் கண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்த்தாள். நிமிர்ந்தபோது அது கண்ணில் பட்டது.

கடைசிப் படகில் அழகுமுத்து எழுந்து நின்றார். அவருடைய துடுப்பு நேராக வானத்தைப் பார்த்து நின்றது.

வேலாயி மேற்கே பார்த்தாள். மூடுபனி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது, ஒழுங்காக. மரங்கள் அசையவில்லை. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

ஐயோ, இப்பவா, என்று நினைத்தாள். பாதி வலை இன்னும் தண்ணீருக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

"விடாதீங்கக்கா" என்றாள் பக்கத்திலிருந்தவள். "ஒண்ணுமே இல்ல. அவரு சும்மா தூக்குறாரு. இத எடுத்துட்டுப் போவோம், கொஞ்சந்தான்."

கொஞ்சம்தான். இன்னும் ஒரு வலை என்று காட்டிய விரல் அவளுக்கு ஞாபகம் வந்தது.

மற்றப் படகுகளைப் பார்த்தாள். கஜேந்திரன் துடுப்பைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தான். எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். யாரும் அழகுமுத்துவைப் பார்க்கவில்லை. யாரும் மலையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நேற்றுப் பாறையைப் பார்த்த அதே பார்வை.

அவளுக்குப் பயம் வந்தது. நேற்றுத் தண்ணீருக்குள் போனபோது வந்ததைவிடப் பெரிய பயம்.

"என்னய ஏன் பாக்குறீங்க?" தொண்டை கிழியக் கத்தினாள். "அந்தா தூக்கியிருக்கு, தெரியலையா? கெளம்புங்க!"

கையிலிருந்த வலையை விட்டாள். மிதவைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படகின் விளிம்பைத் தட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடின. கெண்டைகள் கீழே போயின. கஜேந்திரனின் மனைவி ஒரு கணம் அவளை முறைத்தாள். பிறகு துடுப்பை எடுத்தாள்.

ஐந்து படகும் மூக்கைத் திருப்பின.

"எங்க போறீங்க? டேய்! யாரு ஊதுனா?" பிரதாப்பின் குரல் தண்ணீர்மேல் வந்தது. எப்போதும் கத்தாத ஆள் கத்தினார். "மீன் ஏறுது, நான் பாத்தேன்! திரும்புங்க! மாயாண்டி, ஊது, திரும்பி வரச் சொல்லி ஊது!"

மாயாண்டி விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வாயி காஞ்சுபோச்சுங்கய்யா" என்றார்.

"என்னது?"

"காத்து வர மாட்டேங்குது. வாயி காஞ்சுபோச்சு."

பிரதாப் விசிலைப் பிடுங்கித் தானே ஊதினார். பழக்கமில்லாத வாய், விட்டுவிட்டுக் கேட்டது. "நாளைக்கு ஒரு படகு தண்ணியில எறங்காது! ஒருத்தனும் வேலைக்கு வர வேணாம்! லொறி வரும், பாத்துக்கிட்டே இருங்க!"

அதில் பொய் இல்லை என்று வேலாயிக்குத் தெரியும். லொறி வரலாம். அக்கரப்பத்தனையிலும் இவர்களைப் போலவே வேலை நாள் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பேச வேண்டும், பைஸரின் திரீவீலில் இன்றைக்குப் பின்னேரமே போகலாமா என்று நினைத்துக்கொண்டே துடுப்பைப் போட்டாள்.

பதினான்காம் நம்பர் குடாவின் வளைவைத் தாண்டியதும் ரோடு மறைந்தது. படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. காற்று இன்னும் வரவில்லை. வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது.

அழகுமுத்து துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னாண்ணே பாத்தீங்க?" என்று கேட்டாள் வேலாயி.

"ஒண்ணும் பாக்கல தாயி." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "தண்ணி கறுப்பாத் தெரிஞ்சுச்சு. அப்புறம் பாத்தா மேகத்தோட நெழலு. தூக்குனதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. எறக்க வெக்கமாப் போச்சு. ஒனக்கு நல்ல மீனாமே?"

"நல்ல மீன்தான்."

"எவ்வளவு தண்டி?"

கஜேந்திரனின் மனைவி முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். அழகுமுத்து "ஐயோ" என்றார். கஜேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் முகத்தில் கிண்டல் கிளம்பிவிட்டது. ஆனால் அந்த மனிதர் இன்னும் குனிந்தே இருப்பதைப் பார்த்துவிட்டு, தன் படகைக் கிட்டக் கொண்டுபோய் அவருடைய படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கும் தூக்குங்கண்ணே" என்றான்.

"நெழலுக்கா?"

"நெழலுக்குந்தான்."

வளைவுக்கு அப்பால், மண்ரோட்டில் ஜீப் உறுமுகிற சத்தம் கேட்டது. தண்ணீரைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"வர்றாரு" என்றாள் கஜேந்திரனின் மனைவி. "என்னக்கா சொல்றது?"

"நான் ஏன் சொல்லணும்? பத்துப் பேரும் சேந்து சொல்லுவோம்." வேலாயி கஜேந்திரனின் படகிலிருந்த வலையின் நுனியை வாங்கி, மறுநுனியை அழகுமுத்துவின் கையில் கொடுத்தாள். "இறுக்கிப் புடிங்கண்ணே. அவரு வர்றதுக்குள்ள ஒரு வல போட்டுப் பாப்போம்."